பழம்பொரி: பாதிச் சமையல் பழக்கடையிலேயே முடிகிறது

மாலை நான்கு மணி தாண்டிவிட்டால் பாலக்காட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை எந்தச் சாயாக்கடையின் கண்ணாடிப் பெட்டியிலும் அதைப் பார்க்கலாம். உள்ளங்கையைவிடச் சற்றே நீளம், மஞ்சள் பூத்த மேல்தோல், ஓரங்களில் மட்டும் பொன்பழுப்பு. பக்கத்துத் தட்டுகளில் பருப்புவடையும் சுகியனும் உழுந்துவடையும் இருக்கும். நேந்திரம் பழத்தை நீளவாக்கில் சீவி, லேசாக இனிப்புச் சேர்த்த மாவில் தோய்த்து, தேங்காய் எண்ணெயில் பொரித்தெடுக்கும் பழம்பொரி அது. மலபாரில் பழம்பொரி என்றும், மத்திய கேரளத்தில் ஏத்தக்காயப்பம் என்றும், தெற்கே போகப்போக வாழைக்காயப்பம் என்றும் பெயர் மாறுமே தவிர, பண்டம் ஒன்றுதான். 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணையும்வரை திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்திருந்த கன்னியாகுமரி மாவட்டத்திலும் ஏத்தம்பழமும் தேங்காயெண்ணெயும் அன்றாடச் சமையலோடு கலந்தவை. நாகர்கோவில், மார்த்தாண்டம் டீக்கடைகளில் இது வெளியூர்ப் பலகாரமாக யாருக்கும் தெரியாது.

மலையாளிகளுக்கு இதன்மேல் எவ்வளவு பற்று என்பதை 2020 ஜனவரியில் ரயில்வே தெரிந்துகொண்டது. ரயில்நிலைய உணவகங்களுக்கான புதிய உணவுப் பட்டியலில் புட்டு, அப்பம், பழம்பொரி போன்ற கேரளப் பண்டங்கள் விடுபட்டிருந்தன. கேரளத்தில் எதிர்ப்பு கிளம்பியது. எர்ணாகுளம் மக்களவை உறுப்பினர் ஹைபி ஈடன் ரயில்வே அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். அதிக நாள் ஆகவில்லை, அந்தப் பண்டங்களை மறுபடி சேர்ப்பதாக அறிவிப்பு வந்தது.

கேரளத்துக்குப் போய்வந்த தமிழ்க் குடும்பங்கள் பல, இதை வீட்டில் செய்து பார்க்கின்றன. பார்க்க எளிதாகத்தான் இருக்கிறது. பழம், மாவு, எண்ணெய், வேறென்ன? ஆனால் அடுப்பில் வேறு கதை நடக்கும். மாவு தனியாகக் கழன்று எண்ணெயில் மிதக்கும். பழம் கூழாகிச் சட்டியில் ஒட்டும். அல்லது வெளியே சிவந்து, உள்ளே பழம் துவர்த்துக் கடினமாக நிற்கும். உடனே மாவின் அளவை மாற்றுகிறார்கள், சோடாவைக் கூட்டுகிறார்கள். உண்மையில் பிழை பெரும்பாலும் மாவில் இருப்பதில்லை. பழத்தின் வகையிலோ அது பழுத்த பருவத்திலோதான் இருக்கிறது.

நேந்திரம், நாம் வெற்றிலைபாக்கோடு வைக்கும் பூவன், ரஸ்தாளி போன்ற வாழையன்று. காயாகவும் கனியாகவும் சமைத்துண்ணும் வாழைகளின் கூட்டத்தைச் சேர்ந்தது. வாழைக்காயில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. பழுக்கும்போது அதுதான் சர்க்கரையாக மாறுகிறது. அப்படியே உரித்துத் தின்னும் வாழைகளில் காயாக இருக்கையில் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் இருந்த மாவுச்சத்து, நன்றாகப் பழுக்கும்போது ஒன்றிரண்டு பங்காகக் குறைந்துவிடும். நேந்திரம் அப்படி முழுதாக மாறுவதில்லை. பழுத்த பின்னும் ஓரளவு மாவுச்சத்தை வைத்துக்கொள்கிறது. கொதிக்கும் எண்ணெயில் விழுந்ததும் அந்த மாவுச்சத்து பழத்திலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கெட்டிப்பட்டு, துண்டின் வடிவத்தைக் காக்கிறது. ரஸ்தாளியில் அதற்கு வழியில்லை. அது சூட்டில் இளகிவிடும்.

இனி, பருவம். பச்சைத் தோலோடு இருப்பது சிப்ஸுக்கு. காம்பிலும் நுனியிலும் பச்சை மிச்சமிருக்கும் பழம் ஆவியில் வேகவைத்துப் புட்டோடு சாப்பிட ஏற்றது. பொரித்தால் இனிப்புப் போதாது. தோல் முழுவதும் நல்ல மஞ்சளாகி, அங்கங்கே கறுப்புப் புள்ளிகளும் கீற்றுகளும் விழுந்து, கட்டைவிரலால் அழுத்தினால் மெல்லக் குழிந்து கொடுக்கும் பழம், அதுதான் பழம்பொரிக்குரியது. தோல் முக்கால்வாசி கறுத்த பழத்தையே தேடி வாங்குகிற சமையற்காரர்களும் உண்டு. அந்தப் பழத்தின் இனிப்பு வேறெதிலும் வராது என்பது அவர்கள் கட்சி. அது சரிதான். ஆனால் அதைச் சீவுவதற்கும் தூக்கி மாவில் தோய்ப்பதற்கும் பழகிய கை வேண்டும். முதல்முறை செய்பவர்கள் புள்ளி விழுந்த பழத்தோடு தொடங்குவது நல்லது. தோல் முழுக்கக் கறுத்து, பிடித்தால் தொளதொளவென்று ஆகிவிட்ட பழத்தை வீணாக்க வேண்டாம். நெய்யும் வெல்லமும் விட்டு வரட்டினால், அதுவே பழப் பிரதமனுக்கு அடிப்படை.

தமிழ்நாட்டில் இந்தப் பழத்துக்குப் பஞ்சமில்லை. கோவை, ஈரோடு, கன்னியாகுமரி மாவட்டங்களில் நேந்திரம் பயிராகிறது. அதில் பெரும்பங்கு கேரளச் சந்தைகளுக்குப் போகிறது. ஓணத்தை ஒட்டி அங்கே சிப்ஸுக்கும் பழத்துக்கும் கிராக்கி ஏற, இங்கேயும் விலை ஏறும். சென்னை, மதுரை போன்ற ஊர்களில் தள்ளுவண்டியில் கிடைக்காவிட்டாலும் பெரிய பழக்கடைகளிலும் மலையாளிகள் நடத்தும் மளிகைக்கடைகளிலும் கேட்டால் கிடைக்கும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழத்தைப் பழுக்கவைப்பது எத்திலின் என்ற வாயு. பழமே அதை வெளியிடும். அந்தக் காலத்தில் தார்களைக் குழியிலோ அறையிலோ அடுக்கி, புகை காட்டி, மண்பூசி அடைத்து மூட்டம் போட்டார்களே, அதில் நடந்ததும் இதுதான்: புகையிலிருந்தும் காயிலிருந்தும் வந்த எத்திலின் வெளியேறாமல் உள்ளேயே நின்று காயைக் கனியவைத்தது. இன்றைய பழுக்கவைக்கும் அறைகளில் எத்திலினை அளந்து செலுத்துகிறார்கள். பத்து லட்சத்தில் 100 பங்கு வரை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதை அனுமதிக்கிறது. கார்பைடு கல்லுக்கு அனுமதியே கிடையாது. எப்படியானாலும், அவசரமாகப் பழுக்கவைத்த பழத்தில் தோல் ஒரே சீராக மஞ்சளாகியிருக்கும், உள்ளே சதையின் மாவுப்பதம் மாறியிருக்காது. அந்தப் பழத்தை வாங்கிய அன்றே பொரித்தால் ஏமாற்றம்தான். இரண்டு மூன்று நாள் வீட்டில் வைத்திருந்து, புள்ளி விழுந்த பிறகு எடுங்கள். ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. சுமார் 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வாழைப்பழம் குளிரில் அடிபட்டுவிடும். தோல் கறுக்கும், உள்ளே பழுக்காது. அவசரம் என்றால் அரிசிப் பானையில் புதைத்து வைக்கும் பழைய வழி இன்றும் பலிக்கிறது.

இப்போது மாவு. இரண்டு பெரிய நேந்திரம் பழத்துக்கு ஒரு கப் மைதா, இரண்டு மேசைக்கரண்டி அரிசிமாவு, இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், ஒரு சிட்டிகை உப்பு போதும். முக்கால் கப் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கரைக்க வேண்டும். இட்லி மாவின் பதம் இருந்தால் சரி: கரண்டியை முக்கி எடுத்தால் அதன் முதுகில் மாவு படிந்து நிற்க வேண்டும், ஓடிவிடக் கூடாது. சில வீடுகளில் கொஞ்சம் சீரகத்தையோ கறுப்பு எள்ளையோ சேர்ப்பார்கள். கரைத்த மாவைக் கால்மணி நேரம் மூடிவைத்தால் கட்டிகள் கரைந்து, மாவு தண்ணீரை முழுதாக உள்வாங்கிக்கொள்ளும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மைதாவிலுள்ள பசைத்தன்மை மாவைப் பழத்தோடு ஒட்டவைக்கிறது. அது மட்டுமே இருந்தால் ஆறியதும் ரப்பர் போல இழுக்கும். அரிசிமாவில் அந்தப் பசை கிடையாது. அதனால் மொறுமொறுப்பு வருகிறது. சர்க்கரை மாவுக்கு ருசியைவிட நிறத்தைத்தான் அதிகம் தருகிறது. அதனாலேயே அதிகம் போட்டால் பழம் சூடேறும் முன்பே மேல்தோல் கருகிவிடும். மைதா வேண்டாம் என்பவர்கள் கோதுமை மாவில் செய்யலாம், நன்றாகவே இருக்கும், நிறம் மட்டும் சற்று மங்கும். கடலைமாவை மட்டும் இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டாம். நம் ஊர்க் கடைகளில் 'பழ பஜ்ஜி' என்று வாழைக்காய் பஜ்ஜியின் மாவிலேயே பழத்தையும் முக்கிப் போட்டுவிடுகிறார்கள். கடலைமாவின் வாசம் நேந்திரத்தின் மணத்தை அமுக்கிவிடுகிறது.

சோடா உப்பு தேவையா? அவசியமில்லை. ஒரு கரண்டி புளித்த தோசைமாவைச் சேர்த்துக் கரைத்தால் மாவு தானாகவே மென்மையாக உப்பும், கொஞ்சம் புளிப்பும் சேர்ந்து பழத்தின் இனிப்பைத் தூக்கிக்காட்டும். சோடாதான் போடுவேன் என்றால் ஒரு சிட்டிகைக்கு மேல் போகக் கூடாது. கூடினால் மாவு எண்ணெய் குடிக்கும், சோப்பு வாடை வரும், இன்னொன்றும் நடக்கும்: மாவில் செம்புள்ளிகள் தோன்றும். மஞ்சளும் காரமும் சேர்ந்தால் சிவக்கும் என்பது தமிழ்ப் பெண்கள் நெற்றியில் வைக்கும் குங்குமத்தின் ரகசியம். மஞ்சளோடு சுண்ணாம்பைச் சேர்த்துத்தான் அந்தச் சிவப்பைக் கொண்டுவந்தார்கள். சோடா உப்பும் காரத்தன்மை கொண்டதுதான்.

அந்தச் சுண்ணாம்பையே மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். அங்கே தெருவோரங்களில் விற்கும் பிசாங் கோரெங், பழம்பொரிக்கு ஒன்றுவிட்ட சகோதரி. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து, அந்தத் தெளிநீரை அரிசிமாவோடு கலக்குகிறார்கள். மேல்தோல் நெடுநேரம் மொறுமொறுப்பாக நிற்கிறது. மேற்குக் கலிமந்தானின் பொந்தியானாக் நகரம் இதற்குப் பெயர்பெற்றது. சுலவேசியின் மனாடோவில் காரச் சம்பலில் தொட்டுத் தின்கிறார்கள். மலேசியத் தமிழர்களுக்கு இது மாலைநேரத்துப் பழகிய பண்டம். வடையும் கறிபஃப்பும் விற்கும் அதே வண்டியில் இதுவும் கிடைக்கும். பிலிப்பைன்ஸில் சாபா என்ற வாழையைப் பழுப்புச் சர்க்கரையோடு சேர்த்துப் பொரித்து, சர்க்கரை பாகாகிப் பழத்தில் படிந்ததும் மூங்கில் குச்சியில் கோத்து விற்கிறார்கள்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இவற்றில் மிகவும் பயன்படுவது தாய்லாந்தின் செய்முறைதான். அங்கே பொரிக்கப் பயன்படும் நாம்வா வாழையும் நம் கற்பூரவல்லியும் ஒரே இனத்துப் பிரிவைச் சேர்ந்தவை. அரிசிமாவு, தேங்காய்ப்பால், துருவிய தேங்காய், எள், கொஞ்சம் சர்க்கரை, சுண்ணாம்புத் தெளிநீர் எல்லாம் சேர்ந்த மாவில், அதிகம் கனியாத பழத்தைச் சீவிப் போட்டு எடுக்கிறார்கள். ஆக, நேந்திரம் கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் கைவிட வேண்டியதில்லை. கெட்டியாக இருக்கும்போதே கற்பூரவல்லியை எடுத்து இப்படிச் செய்யலாம். பழம்பொரியின் ருசி இதில் வராது, இது வேறு ருசி. ஆனால் நல்ல ருசி.

பழம்பொரிக்குத் திரும்புவோம். பழத்தைத் தோலுரித்து, குறுக்கே பாதியாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் நீளவாக்கில் மூன்றாகச் சீவ வேண்டும். ஒரு துண்டு அரை சென்டிமீட்டருக்குக் குறையாமல், ஒரு சென்டிமீட்டரைத் தாண்டாமல் இருப்பது நல்லது. மெலிந்தால் மாவின் ருசி மட்டும் தெரியும். தடித்தால் நடுவே சூடு சேராது. சீவிய துண்டு ஈரம் கசிந்து வழுக்கினால் மேலே கொஞ்சம் உலர்ந்த அரிசிமாவைத் தூவிவிட்டு அப்புறம் தோய்க்கலாம். மாவு கழன்று போகும் தொல்லை பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும். சீவியதும் உடனே பொரிக்க வேண்டும். எண்ணெய் காயும் முன்னே சீவி வைத்துவிட்டால் பழம் நீர்விட்டுப் போகும்.

எண்ணெயின் சூடு 170 முதல் 180 டிகிரி செல்சியஸ். வீட்டில் வெப்பமானி இருக்காது. ஒரு சொட்டு மாவைப் போட்டுப் பாருங்கள். அடியில் போய்த் தங்கினால் சூடு போதாது. விழுந்ததும் கறுத்தால் சூடு அதிகம். விழுந்த உடனே குமிழ்விட்டு மேலே வந்து, வெளுப்பாகவே மிதந்தால் அதுதான் பதம். செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 175 டிகிரியிலேயே புகையத் தொடங்கிவிடும். அதைப் பயன்படுத்துகிறவர்கள் தீயைச் சற்றுக் குறைத்தே வைத்துக்கொள்ள வேண்டும். தேங்காயெண்ணெயின் மணம் பிடிக்காதவர்களுக்குக் கடலையெண்ணெய் ஒத்துவரும். ஆனால் உண்மையான பழம்பொரியின் பாதி மணம் தேங்காயெண்ணெயுடையது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வாணலியில் ஒரு நேரத்துக்கு மூன்று நான்கு துண்டுகள் போதும். அள்ளிப் போட்டால் எண்ணெயின் சூடு சட்டென்று இறங்கிவிடும். பக்கத்துக்கு இரண்டு நிமிடம், பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடலாம். பொரியும்போது எழும் குமிழெல்லாம் மாவிலும் பழத்திலும் உள்ள தண்ணீர் ஆவியாகி வெளியேறுவதுதான். ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்வரை எண்ணெய் எளிதில் உள்ளே நுழையாது. வெளியே எடுத்த பிறகுதான் ஆபத்து. துண்டு ஆறும்போது உள்ளிருக்கும் ஆவி சுருங்க, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை அது உள்ளே இழுக்கும். பொரித்த பண்டம் குடிக்கும் எண்ணெயில் பெரும்பகுதி இப்படி நுழைவதுதான். எனவே எடுத்தவுடன் வாணலிக்கு மேலேயே இரண்டு முறை நன்றாக உதறி, துளையுள்ள தட்டிலோ கம்பி வலையிலோ நிறுத்திவைக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் ஆவியில் நமத்துவிடும்.

செய்தித்தாளில் போட்டு எண்ணெய் வடிப்பதை விட்டுவிடுங்கள். அச்சு மையிலுள்ள ஈயம் போன்றவை சூடான எண்ணெய்ப் பண்டத்தில் இறங்கும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லும், மறுபடி 2023-லும் எச்சரித்தது. கடைக்காரர்களுக்குச் சொன்னது வீட்டுக்கும் பொருந்தும்.

மிச்ச எண்ணெயை என்ன செய்வது? வீட்டில் செய்வதன் பெரிய லாபமே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் சிதைவுப் பொருள்கள் சேர்ந்துகொண்டே போகும். அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் இந்தியாவில் உணவு வணிகர்களுக்கான விதி. வீட்டுக்கோ அதைவிடக் கறாரான அறிவுரை உண்டு. ஒருமுறை பொரித்த எண்ணெயில் மறுபடி பொரிக்க வேண்டாம், வடிகட்டி ஓரிரு நாளில் குழம்புக்கோ தாளிக்கவோ பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி. சின்ன வாணலியில், குழிவான அடியில், துண்டு முங்குகிற அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டுக்கொண்டால் மிஞ்சுவதே குறையும். குழந்தைகள் அடுக்களையில் இருந்தால் வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய் வேண்டாம். எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்துவிட்டு மூடியால் மூட வேண்டும்.

பொரித்த பத்து நிமிடத்துக்குள், கைபொறுக்கும் சூட்டில், கட்டன்சாயாவோடு சாப்பிடுவதுதான் பழம்பொரிக்குச் சிறப்பு. கேரள உணவகங்களில் சில காலமாகக் காரமான மாட்டிறைச்சிக் கறியோடு சேர்த்தும் பரிமாறுகிறார்கள். இனிப்பும் மிளகுக் காரமும் சேரும் அந்த ஜோடிக்கு இளைஞர்களிடம் பெரிய வரவேற்பு. பலாச்சுளை கிடைக்கும் மாதங்களில் இதே மாவில் கெட்டியான சுளையைப் பிளந்து, கொட்டை எடுத்துவிட்டுப் பொரிக்கலாம். மாவில் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இது ஏற்ற பண்டமாகாது. பழத்தின் சர்க்கரை, மாவின் சர்க்கரை, மைதா, எண்ணெய் என்று நாலும் சேர்ந்த உணவு இது. மற்றவர்களும் மாதத்தில் ஒரு மாலை, வீட்டோடு உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு என்று வைத்துக்கொள்வதே நியாயம். இரண்டு பழத்தில் பன்னிரண்டு துண்டு வரும்; ஆறு பேருக்குக் கணக்குச் சரியாக இருக்கும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை செய்ய நினைப்பவர்கள் சனிக்கிழமை மாலை கடைக்கு ஓட வேண்டாம். புதன்கிழமையே போய், முழுக்க மஞ்சளான, வெடிப்பில்லாத இரண்டு பழத்தை வாங்கி, காற்றுப்படும் இடத்தில் வைத்துவிடுங்கள். தினமும் ஒருமுறை கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். ஞாயிறன்றும் புள்ளி விழவில்லை என்றால் பழத்தை மாற்ற வேண்டாம், பொரிக்கும் நாளை மாற்றுங்கள்.